தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச்சு வந்தால், லிங்கனுக்கு அடுத்தபடியாக அதிகம் கேள்வி கேட்கப்படுவது தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றித்தான். பெரும்பாலும் அதே கேள்விகள், அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை.

இவர் யாருங்க? சுருக்கமா சொல்லுங்க.

பென்சில்வேனியா மாநிலத்து வக்கீல். 1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். 1868 ஆகஸ்ட் 11 அன்று வாஷிங்டனில் இறந்தார். மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தபோது இலவசப் பள்ளிகளுக்காக வாதாடினார். பிறகு அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் 1849 முதல் 1853 வரையும், மறுபடி 1859 முதல் சாகும் வரையும் உறுப்பினர். போர்க்காலத்தில் நிதி விவகாரங்களைப் பார்த்த குழுவுக்கு இவர்தான் தலைவர். போர் முடிந்ததும், விடுதலையான அடிமைகளுக்குக் குடியுரிமை, வாக்கு, நிலம் மூன்றும் வேண்டும் என்று நின்ற தீவிரக் குடியரசுக் கட்சியினருக்கு அந்தச் சபையில் தலைமை தாங்கினார்.

அந்த மூன்றில் குடியுரிமை கிடைத்தது, வாக்கு பாதி கிடைத்தது, நிலம் கிடைக்கவே இல்லை. இவரிடம் எனக்குப் பிடித்ததும் இதில்தான் இருக்கிறது: கிடைத்ததை வாங்கிக்கொள்வார், ஆனால் இது போதும் என்று சொல்லமாட்டார்.

ஸ்டீவன்ஸ் தெற்குத் தரப்போட துணை ஜனாதிபதி இல்லையா?

அவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், ஜார்ஜியாக்காரர். பிரிந்துபோன தென் மாநிலங்களின் அஸ்திவாரமே அடிமைமுறைதான் என்று 1861இல் வெளிப்படையாகப் பேசியவர். பெயர் காதில் ஒரே மாதிரி விழுவதால் வரும் குழப்பம் இது. அவர் பெயர் கீழே இன்னொரு பதிலிலும் வரும்.

ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பமாமே? காலும் ஊனமாமே?

இரண்டும் உண்மை. பிறக்கும்போதே ஒரு பாதம் திருகியிருந்தது. கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். அப்பா செருப்புத் தைப்பவர், நில அளவையும் தெரிந்தவர், ஆனால் குடும்பத்தில் தங்கவில்லை. நான்கு பிள்ளைகளை அம்மா சாரா தனியாக வளர்த்தார். இந்தப் பிள்ளையால் வயலில் உழைக்க முடியாது, படித்தால்தான் பிழைப்பான் என்று முடிவு செய்து, நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்ற ஊருக்கே குடும்பத்தை மாற்றினார். பையன் 1814இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றான்.

பிற்காலத்தில் அம்மாவுக்குப் பண்ணை வாங்கிக் கொடுத்தார். அம்மாவின் கல்லறையின் நான்கு மூலைகளிலும் வசந்தம்தோறும் ரோஜாவும் பூச்செடிகளும் நட வேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கினார். கடுமையான நாக்குக்காரர் என்று பெயர் வாங்கியவர் எழுதிய உயில் இது.

அப்போ வக்கீலாக என்ன படிக்கணும்? சட்டக் கல்லூரி இருந்ததா?

பெரும்பாலானவர்கள் ஒரு மூத்த வக்கீலிடம் சேர்ந்து, அவருடைய புத்தகங்களைப் படித்துத்தான் வக்கீல் ஆனார்கள். ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பகலில் பள்ளி வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே டேவிட் காசட் என்ற வக்கீலிடம் சட்டம் படித்தார். ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களை அனுமதிப்பதில்லை என்று அங்கே விதி. சரி என்று எல்லையைத் தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் என்ற ஊருக்குப் போய், 1816இல் அங்கே தேர்வை முடித்துவிட்டு வந்தார். தேர்வாளர்களுக்கு மடெய்ரா ஒயின் வாங்கிக் கொடுத்ததும் தேர்வின் ஒரு பகுதி என்று ஒரு கதை உலவுகிறது.

அதே ஆண்டு கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். 1817இல் ஒரு கொலை வழக்கில் குற்றவாளிக்காக, அவன் மனநிலை சரியில்லாதவன் என்று வாதாடினார். அந்தக் காலத்துக்கு அது புதுசு. வழக்கு தோற்றது, குற்றவாளிக்குத் தூக்கு. ஆனால் வாதாடிய விதத்தைப் பார்த்தவர்கள் தங்கள் வழக்குகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அடிமை வைத்திருந்த முதலாளிக்காக வாதாடி ஜெயிச்சார்னு படிச்சேன். பொய்தானே?

பொய் இல்லை. 1821இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அது. பென்சில்வேனியா 1780லேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்ட மாநிலம். வெளியிலிருந்து கொண்டுவரப்படும் அடிமை ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டால் விடுதலை. மேரிலாந்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாரிட்டி பட்லர் என்ற பெண், தான் தங்கிய நாட்களைச் சேர்த்தால் ஆறு மாதம் தாண்டுகிறது என்று தன் விடுதலையையும் பிள்ளைகளின் விடுதலையையும் கேட்டார். நாட்கள் தொடர்ச்சியாக இருந்தால்தான் கணக்கு, விட்டு விட்டு இருந்தால் சேராது என்று முதலாளி தரப்பில் வாதாடியவர் ஸ்டீவன்ஸ். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தக் குடும்பம் அடிமைகளாகவே இருந்தது.

இதைப் பற்றி அவர் எங்கும் விளக்கம் எழுதி வைக்கவில்லை. 1823 ஜூலை 4 விருந்தில், அடுத்த ஜனாதிபதி எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று சொல்லிக் கோப்பையை உயர்த்தினார். அதற்குப் பிறகு ஓடிவரும் அடிமைகளுக்கு வக்கீலாக நின்றார், சிலரைக் காசு கொடுத்து மீட்டார். சாரிட்டி பட்லர் வழக்கின் குற்ற உணர்ச்சிதான் அவரை மாற்றியது என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சியால் சாரிட்டி பட்லருக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலவசப் பள்ளிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

அவரே தன் வாழ்க்கையில் மிகவும் பெருமையாக நினைத்தது இதைத்தான். 1834க்கு முன் பென்சில்வேனியாவில் பிள்ளைக்கு இலவசப் படிப்பு வேண்டுமென்றால், 'நான் பரம ஏழை' என்று பெற்றோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். மானத்துக்குப் பயந்து பலர் பிள்ளைகளை அனுப்பவே இல்லை. 1834இல் வந்த சட்டம் எல்லோருக்கும் பொதுப் பள்ளி, அதற்கு வரி என்றது. உடனே எதிர்ப்பு. நிலம் வைத்திருந்தவர்கள் வரிக்குப் பயந்தார்கள். ஜெர்மன் குடியேறிகள் தங்கள் மொழியும் சர்ச் பள்ளிகளும் போய்விடும் என்று பயந்தார்கள்.

அதே ஆண்டு பிற்பகுதியில் நடந்த தேர்தலில் ஜெயித்து வந்தவர்களில் பலர் அந்தச் சட்டத்தை ரத்து செய்வதாக வாக்குக் கொடுத்து வந்தவர்கள். மேல்சபை ரத்து செய்து ஓட்டும் போட்டுவிட்டது. ஸ்டீவன்ஸின் தொகுதிக்காரர்களே ரத்துக்கு ஆதரவாக ஓட்டுப்போடச் சொல்லியிருந்தார்கள். 1835 ஏப்ரல் 11 அன்று கீழ்சபையில் எழுந்து எதிராகப் பேசினார். பிள்ளை இல்லாதவன் ஏன் பள்ளி வரி கட்டவேண்டும் என்ற கேள்விக்கு அவர் பதில்: குற்றவாளிகளைத் தண்டிக்க வரி கேட்டால் சந்தோஷமாகக் கட்டுகிறீர்கள், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்க வரி கேட்டால் மட்டும் கத்துகிறீர்கள். அப்படிப் பேசியவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கீழ்சபை சட்டத்தைக் காப்பாற்றியது. பிறகு மேல்சபையும் மனம் மாறியது.

ஃப்ரீமேசன்களை வேட்டையாடின காலத்தை ஏன் யாரும் பேசறதில்லை?

பேசினால் அவருக்குப் பெருமை இல்லை என்பதால். ஃப்ரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள், என்பது ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு சகோதரச் சங்கம். 1826இல் நியூயார்க் மாநிலத்தில், மேசன் சங்க ரகசியங்களை வெளியிடப் போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் என்பவர் காணாமல் போனார். அந்தக் கோபத்தில் பிறந்த மேசன் எதிர்ப்புக் கட்சியின் உறுப்பினராகத்தான் ஸ்டீவன்ஸ் 1833இல் மாநிலச் சட்டமன்றத்துக்கே போனார். விசாரணைக் குழு அமைத்து முன்னாள் ஆளுநர் வரை சாட்சி சொல்லக் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, கடைசியில் அது கேலிக்கூத்தாக முடிந்தது. 1838இல் தேர்தல் தகராறு முற்றி ஹாரிஸ்பர்க் சட்டமன்றத்துக்குள் கும்பல் புகுந்தபோது, ஸ்டீவன்ஸ் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்.

ஆலை முதலாளிதானே அவர்? ஏழைகளைப் பற்றி எப்படிப் பேசினார்?

இரும்பு உலைகள் வைத்திருந்தார். கெட்டிஸ்பர்க்குக்கு மேற்கே, பிறந்த மாவட்டமான கலிடோனியாவின் பெயரையே வைத்து நடத்திய ஆலை முக்கியமானது. லாபம் பார்க்கவில்லை, கடன்தான் ஏறியது. அந்தக் கடனை அடைக்கத்தான் 1842இல் வருமானம் அதிகமுள்ள லாங்காஸ்டர் நகருக்குத் தொழிலை மாற்றினார். இறக்குமதி இரும்புக்கு அதிக வரி வேண்டும் என்று காங்கிரசில் அவர் பேசியதில் சொந்த லாபமும் கலந்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. தன் ஆலைப் பக்கம் வளைந்து போகும்படி மாநிலப் பணத்தில் ஒரு ரயில் பாதையும் போடவைத்தார். அதன் வளைவுகளைப் பார்த்து எதிரிகள் அதற்கு நாடாப்புழு என்று பெயர் வைத்தார்கள். பாதி வெட்டியதோடு திட்டம் நின்றது. 1863 ஜூலை 1 அன்று கெட்டிஸ்பர்க் போரின் முதல் நாளில் சண்டை நடந்த ரயில் பள்ளம் அந்தப் பாதைக்காக வெட்டியதுதான்.

அதே போருக்கு ஐந்து நாள் முன்னால், தெற்குத் தளபதி ஜூபல் எர்லியின் படை கலிடோனியா ஆலையை எரித்துத் தரைமட்டமாக்கியது. ஆலை யாருடையது என்று தெரிந்தே செய்தார்கள். வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்களை ஸ்டீவன்ஸ் தன் செலவில் தாங்கினார்.

அவர் வாதாடினதிலேயே பெரிய வழக்கு எது?

கிறிஸ்டியானா வழக்கு. 1851 செப்டம்பரில், ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்க மேரிலாந்து முதலாளி எட்வர்ட் கோர்சச் ஆட்களோடு லாங்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானா பக்கம் வந்தார். முந்தைய ஆண்டு வந்த சட்டப்படி, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பிடிப்பதற்கு உதவியே ஆக வேண்டும். வில்லியம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவரின் வீட்டில் இருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். சண்டையில் கோர்சச் இறந்தார். பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார். அரசு, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத் துரோகக் குற்றம் சாட்டியது.

முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளைக்கார மில்காரர். அவர் செய்த குற்றம், உதவி செய்ய மறுத்தது. பிலடெல்பியாவில் நடந்த விசாரணையில் ஸ்டீவன்ஸ் ஹான்வே தரப்பு வக்கீல்களில் முக்கியமானவர். ஆனால் அவர் பெயரே ஜூரிகளைக் கோபப்படுத்தும் என்பதால் இறுதி வாதத்தை ஜான் ரீட் என்பவருக்கு விட்டுக்கொடுத்தார். கோர்ட்டில் தன் பெயரைப் பின்னால் தள்ளிக்கொள்ளத் தெரிந்த வக்கீல் எத்தனை பேர்? ஜூரி 15 நிமிடத்தில் விடுதலை என்றது. மற்றவர்கள் மீதான வழக்கும் நிற்கவில்லை. ஆனால் அவர் அப்போது இருந்த விக் கட்சிக்காரர்களுக்கு இந்த வழக்கு பிடிக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

போர் நடந்தப்போ அவர் என்ன செய்தார்? துப்பாக்கி பிடிச்சாரா?

போர் தொடங்கும்போது அவருக்கு 69 வயது. அவர் பிடித்தது கணக்குப் புத்தகம். 1861 முதல் 1865 வரை வரி, கடன், செலவு மூன்றையும் பார்த்த வேஸ் அண்ட் மீன்ஸ் குழுவின் தலைவர். அமெரிக்காவின் முதல் மத்திய வருமான வரி 1861இல் வந்தது. தங்கம் கையில் இல்லாத அரசு, 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலர் மதிப்புக்குக் காகிதப் பணம் அச்சடிக்கச் சட்டம் போட்டது. பின்பக்கம் பச்சையாக இருந்ததால் கிரீன்பேக் என்றார்கள். சபையில் இவற்றை நிறைவேற்றிக் கொடுத்தது ஸ்டீவன்ஸ்.

லிங்கனுக்கும் இவருக்கும் ஆகாதாமே?

ஆகாது என்று சொல்ல முடியாது. லிங்கன் ரொம்ப மெதுவாகப் போகிறார் என்பது இவர் புகார். அடிமைகளை உடனே விடுவித்து ஆயுதம் கொடுங்கள் என்று போரின் ஆரம்பத்திலிருந்தே நச்சரித்தார். லிங்கனும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தார்.

இருவரையும் பற்றிய ஒரு கதை எப்போதும் சொல்லப்படும். போர் அமைச்சராகப் போன பென்சில்வேனியாக்காரர் சைமன் கேமரன் நேர்மையானவரா என்று லிங்கன் கேட்க, 'பழுக்கக் காய்ச்சிய அடுப்பைத் திருடமாட்டார்' என்றாராம் ஸ்டீவன்ஸ். கேள்விப்பட்ட கேமரன் கொதித்துப்போய் வாபஸ் வாங்கச் சொல்ல, ஸ்டீவன்ஸ் லிங்கனிடம் போய், 'திருடமாட்டார் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்' என்றாராம்.

1865இல் 'எல்லா இனமும் சமம் என்று நான் சொல்லவில்லை' என்று சபையில் பேசினாரே, அது பல்டி இல்லையா?

அவர் சொன்னது, எல்லா விஷயத்திலும் சமம் என்று வாதாடவில்லை, சட்டத்தின் முன் சமம் என்றுதான் கேட்கிறேன் என்பது. அது 1865 ஜனவரி. அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆம் திருத்தம் சபையில் நிற்கிறது, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஸ்டீவன்ஸின் வாயிலிருந்து முழுச் சமத்துவம் என்ற சொல்லை வரவழைத்து, தயங்கி நிற்பவர்களை மிரட்டி ஓடவைக்க எதிர்க்கட்சியினர் காத்திருந்தார்கள். அவர் சிக்கவில்லை. ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற கணக்கில் திருத்தம் நிறைவேறியது.

பல்டி என்றால் நிலைப்பாடு மாறியிருக்க வேண்டும். 1838இல் பென்சில்வேனியாவின் புது அரசியலமைப்பு கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தபோது, அதை எழுதிய மாநாட்டில் உட்கார்ந்திருந்தும் கையெழுத்துப் போட மறுத்தவர் அவர். 1868இல் கல்லறை விஷயத்தில் என்ன செய்தார் என்பது கீழே வருகிறது.

போர் முடிஞ்சு தெற்கு எம்பிக்கள் வந்தப்போ, பேரையே கூப்பிடாம விட்டாங்களாமே? அது எப்படி?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு தெரிய வேண்டும். அடிமைமுறை இருந்தவரை, எத்தனை எம்பி என்று முடிவு செய்ய, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணினார்கள். 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு முழு ஆள். கறுப்பினத்தவருக்கு ஓட்டு இல்லை, ஆனால் அவர்கள் தலையை எண்ணித் தெற்குக்கு முன்பைவிட அதிக இடங்கள். போரில் தோற்றவர்கள் சபையில் ஜெயித்து வருவார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன் தெற்கு மாநிலங்களை அவசர அவசரமாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஜார்ஜியா தன் செனட்டராகத் தேர்ந்தெடுத்தது யாரை? மேலே பார்த்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸை.

1865 டிசம்பர் 4 அன்று சபை கூடியது. புதுச் சபையில் வருகைப் பட்டியல் வாசிப்பவர் சபையின் எழுத்தர் எட்வர்ட் மெக்பெர்சன். கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்டவர். தெற்கு உறுப்பினர்களின் பெயர் வந்த இடங்களைத் தாண்டி வாசித்துக்கொண்டே போனார். பெயர் வாசிக்கப்படாதவர் எழுந்து ஆட்சேபிக்கவும் முடியாது. பிறகு தெற்கு மாநிலங்களின் நிலையை ஆராய 15 பேர் கொண்ட கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. எனக்குத் தெரிந்து சபை விதிகளை இவ்வளவு சுத்தமாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. ஜனநாயகத்துக்கு இது நல்லதா என்று கேட்டால், ஓட்டே இல்லாத லட்சக்கணக்கானவர்களின் பெயரில் வந்து உட்காருவது நல்லதா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

14ஆம் திருத்தத்தை எழுதினது இவர்தானா? அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்கிறது இவரால்தானா?

தனியாக எழுதவில்லை. சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்று சொல்லும் பகுதிக்கு முக்கியக் காரணம் ஒஹாயோவின் ஜான் பிங்கம். பிறப்பால் குடியுரிமை என்ற வாக்கியம் செனட்டில் சேர்ந்தது, அதைக் கொண்டுவந்தவர் மிச்சிகனின் ஜேக்கப் ஹவர்ட். ஸ்டீவன்ஸ் குறிவைத்தது இரண்டாம் பிரிவை: ஓட்டு மறுக்கும் மாநிலத்துக்கு எம்பி இடங்களைக் குறைப்பது. மேலே சொன்ன கணக்குக்கு அவர் கண்டுபிடித்த பதில் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவு ஒருமுறைகூட அமலாகவில்லை. மற்றவர்கள் எழுதிய முதல் பிரிவுதான் இன்றுவரை கோர்ட்டுகளில் உயிரோடு இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகன்தான் என்று 1898இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதை வைத்துத்தான்.

கறுப்பினத்தவருக்கு நேரடியாக ஓட்டுரிமை தராத அந்தத் திருத்தத்தை ஸ்டீவன்ஸ் ஒட்டுப்போட்ட வேலை என்றுதான் நினைத்தார். 1866 ஜூன் 13 அன்று இறுதி ஓட்டுக்கு முன், இத்தனை குறையுள்ளதை ஏன் ஏற்கிறீர்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, 'நான் மனிதர்களிடையே வாழ்கிறேன், தேவதைகளிடையே அல்ல' என்று பதிலும் சொன்னார். முதல் பதிலில் நான் சொன்ன கருத்துக்கு இதுதான் ஆதாரம். ஒன்பது மாதத்தில், 1867 மார்ச்சில், பத்துத் தென் மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்துக் கறுப்பின ஆண்களுக்கு அங்கே ஓட்டுக் கொடுக்கும் சட்டம் நிறைவேறியது. வடக்கையும் சேர்த்து எல்லா மாநிலங்களுக்குமான 15ஆம் திருத்தம் 1870இல்தான் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

நம்ம அரசியலமைப்பிலும் 14தான் சமத்துவம். காப்பியா?

எண் தற்செயல். உள்ளடக்கம் தற்செயல் இல்லை. இந்திய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவில் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்று வருவது அமெரிக்கத் திருத்தத்திலிருந்து எடுத்தது. அதே திருத்தத்தில் உள்ள 'முறையான சட்ட நடைமுறை' என்பதை நம்மவர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். 1947இல் அமெரிக்கா போன, நம் அரசியலமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவிடம், அதை வைத்து நீதிபதிகள் சட்டமன்றத்தின் கையைக் கட்டிவிடுவார்கள் என்று அமெரிக்க நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரே எச்சரித்திருந்தார்.

ஆளுக்கு 40 ஏக்கர் நிலம் தர்றதா சொன்னாங்களே, என்ன ஆச்சு?

1865 செப்டம்பர் 6 அன்று லாங்காஸ்டரில் ஸ்டீவன்ஸ் தன் திட்டத்தைக் கணக்கோடு சொன்னார். தெற்கின் பெரிய நிலக்கிழார்கள் சுமார் 70,000 பேர். அவர்களிடமும் மாநிலங்களிடமும் இருப்பது 39 கோடி ஏக்கருக்கு மேல். அதைப் பறிமுதல் செய்து, விடுதலையான ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர். அதற்கு 4 கோடி ஏக்கர் போதும். மிச்சத்தை விற்றுப் போர்க்கடனும் வீரர்களின் பென்ஷனும் கட்டலாம். ஓட்டுக் கொடுத்துவிட்டுப் பழைய முதலாளியின் நிலத்திலேயே கூலிக்கு நிற்கவைத்தால் அந்த ஓட்டு யார் கைக்குப் போகும் என்பது அவர் வாதம்.

சொந்தக் கட்சியே நடுங்கியது. சொத்தைப் பறிப்பதை இன்று தெற்கில் ஆரம்பித்தால் நாளை வடக்கில் ஆலைத் தொழிலாளி கேட்பான் என்ற பயம். 1866 பிப்ரவரியில் ஒரு மசோதாவில் நிலப் பறிமுதலைச் சேர்க்க அவர் கொண்டுவந்த திருத்தம் 37க்கு 126 என்று தோற்றது. 1867 மார்ச்சில், 40 ஏக்கரோடு வீடு கட்ட 50 டாலரும் என்று மறுபடி மசோதா கொண்டுவந்தார், அதுவும் நகரவில்லை. இதற்கு முன் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் கடலோரத்தில் பிரித்துக் கொடுத்திருந்த நிலத்தைக்கூட ஜான்சன் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். பிற்காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் குத்தகைக் கடனில் மூன்று தலைமுறை சிக்கியதைப் பார்த்தால், அந்தக் காலத்துத் தலைவர்களில் பிரச்சினையின் வேரைச் சரியாகப் பிடித்தவர் இவர்தான் என்பது என் எண்ணம்.

ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்க முயன்றது பழிவாங்கலா?

பாதி ஆம். போர் அமைச்சர் ஸ்டான்டனைச் செனட் சம்மதமில்லாமல் நீக்கியதுதான் சட்டக் காரணம். உண்மையான காரணம், காங்கிரசின் சட்டங்களை ஜான்சன் முடக்கப் பார்த்தது. 1868 பிப்ரவரி 24 அன்று சபை 126க்கு 47 என்று குற்றம் சாட்டியது. அப்போது ஸ்டீவன்ஸால் நடக்கவே முடியவில்லை, நாற்காலியில் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். நீங்கள் செத்துப்போனால் என்னை யாரப்பா தூக்குவார்கள் என்று தூக்கும் இளைஞர்களிடம் கேட்பாராம். மே மாதம் செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். தேவை 36.

லிடியா ஸ்மித் அவருக்கு மனைவி மாதிரியா?

லிடியா ஹாமில்டன் ஸ்மித் கலப்பினப் பெண். 1840களிலிருந்து அவர் சாகும்வரை வீட்டை நிர்வகித்தவர். ஸ்டீவன்ஸ் அவரை எப்போதும் 'திருமதி ஸ்மித்' என்றுதான் அழைத்தார். வெள்ளைக்காரர்கள் கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லி அழைத்த காலம் அது. எதிரிகளின் பத்திரிகைகள் இருவரையும் சேர்த்துக் கேவலமாக எழுதின. உறவு என்ன என்பதற்கு ஆதாரம் இல்லை.

தெரிந்தது வேறு. லிடியா சொந்தமாகச் சொத்து வாங்கி நிர்வகித்த கெட்டிக்கார வியாபாரி. உயிலில் அவருக்கு ஆண்டுக்கு 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000 என்று எழுதியிருந்தது. பிறகு அந்த வீட்டையே வாங்கினார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வீட்டுப் பின்கட்டைத் தோண்டிய தொல்லியலாளர்கள், ஆள் நுழையும்படி மாற்றப்பட்ட ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கண்டார்கள். ஓடிவந்த அடிமைகள் ஒளிந்த இடமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் அதில் லிடியாவுக்கும் பங்கு இருந்திருக்கும்.

இவ்வளவு செஞ்சவரை ஏன் பழைய புத்தகங்கள் வெறியன்னு எழுதுது?

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தக் காலத்தை எழுதிய பலர், கறுப்பினத்தவருக்கு ஓட்டுக் கொடுத்ததே தவறு என்று நம்பியவர்கள். அவர்களுக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். நொண்டிக் கால், வழுக்கையை மறைக்கும் விக், குத்தும் பேச்சு எல்லாம் இவரிடம் இருந்தன. கு கிளக்ஸ் கிளானை வீரர்களாகக் காட்டி 1915இல் வந்த ஒரு மௌனப் படத்தின் வில்லன் அரசியல்வாதியும் இவரை வைத்து வார்த்ததுதான். 1960களின் குடிமை உரிமைப் போராட்டத்துக்குப் பிறகுதான் எழுத்தில் தொனி மாறியது.

ஏன் பெரிய கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலை?

அவரே மறுத்தார். லாங்காஸ்டரின் பெரிய கல்லறைத் தோட்டங்களில் வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். அதனால் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட ஷ்ரைனர் என்ற சின்னக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கினார். கல்வெட்டு வாசகமும் அவருடையதே: தனிமையை விரும்பி இங்கே படுக்கவில்லை, மற்ற இடங்களில் இனத்தைப் பார்த்து விதி போட்டிருப்பதால், வாழ்நாளெல்லாம் பேசிய கொள்கையைச் சாவிலும் காட்ட இதைத் தேர்ந்தெடுத்தேன் என்பது அதன் சாரம்.

உயிலும் அப்படித்தான். குடிப்பழக்கம் இருந்த சகோதரர் மகன் குடியை விட்டால் சொத்து அவனுக்கு, விடாவிட்டால் அநாதை இல்லத்துக்கு. அதில் இனமோ மதமோ பார்க்கக் கூடாது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்து ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை. அந்த மகன் குடியை விடவில்லை. பணத்தில் உருவான பள்ளி இன்று லாங்காஸ்டரில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி.

செத்த பிறகும் தேர்தலில் வேட்பாளரா நிறுத்தினாங்களாமே? கட்டுக்கதைதானே?

நடந்ததுதான். அவர் இறந்த சில நாட்களில் லாங்காஸ்டர் குடியரசுக் கட்சியினர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மரியாதைக்காக அவர் பெயரையே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அந்த இடத்தில் நின்று ஜெயித்தவர் ஆலிவர் டிக்கி. ஸ்டீவன்ஸிடம் சட்டம் படித்தவர், அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர்.